மேற்பெட்டகத்துக்கான வரிசை: விமானத்தில் ஏறும் முறையும் கேபின் பையும்

விமானத்தில் ஏறுவதற்காக நிறுவனங்கள் வகுத்திருக்கும் வரிசைமுறை, பயணிகளை விரைவாக உள்ளே அமர்த்தும் நோக்கத்தால் மட்டும் உருவானதன்று. அதில் நேரக் கணக்குக்கு ஒரு பங்கும், வணிகக் கணக்குக்கு மற்றொரு பெரும் பங்கும், பாதுகாப்பு விதிகளுக்கு எஞ்சிய பங்கும் உண்டு. போர்டிங் பாஸில் இருக்கை எண் அச்சாகிவிட்ட பின்னும், கேட் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே பயணிகள் எழுந்து வரிசை கட்டுவதைப் பார்ப்பவர்கள், ஒதுக்கிய இருக்கையை யாரும் பறித்துக்கொள்ளப் போவதில்லையே, பிறகு ஏன் இந்த அவசரம் என்று கேட்பது இயல்பு. இருக்கைக்கு எண் இருக்கிறது. இருக்கைக்கு மேலே பை வைக்கும் பெட்டகத்துக்கு எண் கிடையாது. முந்தி வருபவரின் பை அங்கே ஏறுகிறது, பிந்தி வருபவரின் பை சரக்கு அறைக்குப் போகிறது. எனவே கேட்டின் முன் நிற்பது பெரும்பாலும் மேற்பெட்டகத்துக்கான வரிசையே என்று எடுத்துக்கொண்டால், இந்த இயலில் விளக்கப்படும் குழு எண்கள், கட்டணங்கள், அளவுச் சட்டங்கள் ஆகியவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது விளங்கும்.

மூன்று சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. பயணி தம்முடன் விமானத்துக்குள் எடுத்துச் செல்லும் பை 'கேபின் பை'. கவுண்டரில் ஒப்படைத்து, இறங்கிய இடத்தில் சுழல்பட்டையிலிருந்து எடுத்துக்கொள்வது 'செக்-இன் பெட்டி'. இருக்கை வரிசைகளுக்கு மேலே மூடியுடன் நீளமாக அமைந்திருக்கும் அறைகள் 'மேற்பெட்டகம்'.

தரையில் கழியும் நேரம்

விமானம் ஒரு நிலையத்தில் வந்து நின்றது முதல் அடுத்த பயணத்துக்குப் புறப்படுவது வரையிலான இடைவேளையைத் திருப்ப நேரம் எனலாம். அதற்குள் வந்தவர்கள் இறங்கவும், உள்ளே துப்புரவு செய்யவும், எரிபொருள் நிரப்பவும், பெட்டிகளை இறக்கி ஏற்றவும், புதிய பயணிகளை அமர்த்தவும் வேண்டும். இவற்றில் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கக்கூடியவை. ஆனால் இறங்கி முடிக்காமல் ஏற முடியாது, ஏறி முடிக்காமல் கதவைச் சாத்த முடியாது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1972-இல் பண நெருக்கடியால் தன்னிடமிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டு, எஞ்சிய மூன்றைக் கொண்டே பழைய கால அட்டவணையை ஓட்டுவதற்காகத் திருப்ப நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தது. குறைந்த கட்டண விமானப் போக்குவரத்து என்னும் தொழிலின் அடிப்படையே அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. இன்று அந்த வேகம் எங்கும் சாத்தியமில்லை. இருக்கைகள் கூடிவிட்டன, பைகளும் கூடிவிட்டன. ஒரு நிமிடத்தில் ஏறி முடிக்கும் பயணிகளின் எண்ணிக்கை 1970-ஐ ஒப்பிடப் பாதிக்கும் கீழே, ஒன்பது பேர் என்ற அளவுக்குக்கூட இறங்கிவிட்டதாக 1998-இல் போயிங் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழே எழுதியது. செக்-இன் பெட்டிக்குக் கட்டணம் வாங்கும் வழக்கம் பரவுவதற்குப் பத்தாண்டு முன்பு நிலைமை அதுவாக இருந்தது.

நெரிசலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது நடைபாதைத் தடை: ஒற்றை நடைபாதை கொண்ட ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் ஒருவர் பையைத் தூக்கி மேலே வைத்து முடிக்கும் வரை அவருக்குப் பின்னால் வருபவர்கள் நின்றே ஆகவேண்டும். இரண்டாவது இருக்கைத் தடை: நடைபாதையோர இருக்கையிலும் நடு இருக்கையிலும் ஆட்கள் அமர்ந்த பிறகு ஜன்னலோர இருக்கைக்காரர் வந்தால், அமர்ந்த இருவரும் எழுந்து வெளியே வந்து, அவரை உள்ளே விட்டுவிட்டு, மீண்டும் அமர வேண்டும்; அத்தனை நேரமும் நடைபாதை அடைபட்டிருக்கும். எந்த வரிசைமுறையின் தரத்தையும் அது இந்த இரண்டு தடைகளை எவ்வளவு குறைக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட முடியும்.

பின்னிருந்து முன்னாக ஏற்றுவதே விரைவானது என்பது பொதுவான நம்பிக்கை. கடைசி வரிசைக்காரர்களை முதலில் அனுப்பிவிட்டால் அவர்கள் யாருக்கும் வழி மறிக்கமாட்டார்கள் என்று தோன்றுவதில் வியப்பில்லை. சோதனை செய்து பார்த்தபோது அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஜேசன் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க வானியற்பியலாளர் 2008-இல் இந்தச் சிக்கலைக் கணினிக் கணக்கீட்டால் ஆராய்ந்தார்; சில ஆண்டுகளுக்குப் பிறகு ஜான் ஹாட்ச்கிஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளருடன் சேர்ந்து, ஆறு இருக்கைகள் கொண்ட பன்னிரண்டு வரிசைகள் உள்ள மாதிரி விமானம் ஒன்றில் 72 பேரைப் பைகளுடன் ஏற்றி, ஐந்து முறைகளை நேரம் குறித்துப் பார்த்தார். பின்வரிசைகளை ஒரு தொகுதியாகவும், பிறகு முன்வரிசைகளையும், இறுதியாக நடுவரிசைகளையும் அழைக்கும் தொகுதி முறைக்கு 6 நிமிடம் 54 வினாடி ஆனது. வரிசை வரிசையாகப் பின்னிருந்து முன்னாக ஏற்றியதற்கு 6 நிமிடம் 11 வினாடி. எந்த ஒழுங்கும் இன்றி வந்தவர் வந்தபடி ஏறியதற்கு 4 நிமிடம் 44 வினாடியே போதுமானதாக இருந்தது. முதலில் ஜன்னலோரம், அடுத்து நடு, கடைசியாக நடைபாதையோரம் என்று அழைத்தபோது 4 நிமிடம் 13 வினாடி. ஸ்டெஃபன் வகுத்த முறைக்கு 3 நிமிடம் 36 வினாடி.

ஒழுங்கின்மை ஒழுங்கை வென்றதற்குக் காரணம் எளியது. பின்னிருந்து முன்னாக அழைக்கும்போது ஒரே பகுதிக்குரியவர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் அந்தப் பகுதியில் நெருங்கி நிற்கிறார்கள். பையைத் தூக்க ஒருவருக்கோ இருவருக்கோதான் இடம் கிடைக்கிறது, மற்றவர்கள் அவர்கள் பின்னால் வெறுமனே காத்திருக்கிறார்கள். வந்தவர் வந்தபடி ஏறினால் பயணிகள் விமானம் முழுவதும் சிதறி, ஒரே நேரத்தில் பலர் பல இடங்களில் பைகளை வைத்துவிடுகிறார்கள். ஸ்டெஃபனின் முறை இதைத் திட்டமிட்டே செய்கிறது: 30-ஏ, 28-ஏ, 26-ஏ என்று ஒன்றுவிட்டு ஒன்றாக ஒருபக்க ஜன்னலோர இருக்கைக்காரர்கள் முதலில் செல்ல, பிறகு எதிர்ப்பக்கத்தவர், பிறகு விடுபட்ட வரிசைகள், அதன் பின் நடு இருக்கைகள் என்று அது தொடர்கிறது, அடுத்தடுத்து நடப்பவர்களுக்கு இடையே எப்போதும் ஒரு வரிசை இடைவெளி இருப்பதால் எல்லாரும் ஒரே சமயத்தில் கைகளை உயர்த்த முடிகிறது.

இத்தனை தெளிவான முடிவு கிடைத்த பின்னும் அந்த முறையைப் பெரிய நிறுவனம் எதுவும் அப்படியே பின்பற்றாததை மடமை என்று ஒதுக்கிவிட முடியாது. தாயும் குழந்தையும் அடுத்தடுத்த இருக்கைகளில் இருப்பவர்கள். அவர்களை வெவ்வேறு அழைப்புகளில் பிரித்து அனுப்ப எந்த ஊழியரும் துணியமாட்டார். 180 பேரைத் தனித்தனி வரிசை எண்ணுடன் கேட்டின் முன் நிறுத்துவதற்கு இடமும் இல்லை, மனிதர்கள் அவ்வளவு கீழ்ப்படிபவர்களும் அல்லர். இவற்றைவிட வலுவான காரணம், முன்னதாக ஏறும் உரிமையை நிறுவனங்கள் ஏற்கெனவே விற்றுவிட்டன என்பதாகும். விற்ற பொருளை வேகத்துக்காகத் திரும்பப் பெற முடியாது.

நடைமுறையிலுள்ள முறைகள்

பெரும்பாலான நிறுவனங்கள் இன்று கடைப்பிடிப்பது ஒரு சமரசத்தை. சக்கர நாற்காலி உதவி பெறுபவர்கள், கைக்குழந்தையுடன் வருபவர்கள் ஆகியோர் முதலில் அழைக்கப்படுகின்றனர். அடுத்து உயர்வகுப்புப் பயணிகள், அடிக்கடி பறப்போர் திட்டத்தின் மேல்நிலை உறுப்பினர்கள், முன்னுரிமைக்கென்று தனியாகப் பணம் கட்டியவர்கள், சில நாடுகளில் நிறுவனத்தின் கடன் அட்டையை வைத்திருப்பவர்கள். எஞ்சியவர்கள் மட்டுமே ஏதேனும் ஓர் அறிவியல் முறைக்கு உட்படுகிறார்கள். அமெரிக்கா வெஸ்ட் நிறுவனம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தலைகீழ்ப் பிரமிடு முறை, ஜன்னலோரத்தையும் பின்வரிசையையும் இணைத்துக் கணக்கிட்டது. யுனைடெட் நிறுவனம் 2023 அக்டோபரில் ஜன்னல், நடு, நடைபாதை என்ற வரிசையை எஞ்சிய பயணிகளுக்கு மீண்டும் நடைமுறைப்படுத்தியது. ஒரே முன்பதிவில் சேர்ந்து பயணம் செய்பவர்கள் அந்த முறையில் பிரிக்கப்படுவதில்லை.

சவுத்வெஸ்ட் 1971-இல் பறக்கத் தொடங்கியது முதல் இருக்கை எண்ணே ஒதுக்காமல், வந்தவர் விரும்பிய இடத்தில் அமர்ந்துகொள்ளும் முறையை அரை நூற்றாண்டுக்கும் மேல் வைத்திருந்தது. 2007-க்குப் பிறகு ஏ, பி, சி என்ற குழுக்களும் ஒவ்வொன்றிலும் 1 முதல் 60 வரை எண்களும் வழங்கி, கம்பங்களுக்கு அருகே எண் வரிசைப்படி நிற்க வைத்தது. அந்த முறை விரைவானது என்பதில் ஐயமில்லை. எனினும் 2026 ஜனவரி 27 முதல் அந்த நிறுவனமும் இருக்கை ஒதுக்கத் தொடங்கிவிட்டது. கூடுதல் கால் இடமுள்ள இருக்கையையும் முன்வரிசையையும் விற்பதற்கு முதலில் இருக்கைக்கு எண் வேண்டும் என்பதே அதன் பின்னிருக்கும் கணக்கு.

இந்திய உள்நாட்டுப் பயணத்தில் ஏறும் விதத்தை வரிசைமுறையைக் காட்டிலும் நிலையத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது. ஏரோபிரிட்ஜ் எனப்படும் மூடிய நடைபாலம் கேட்டிலிருந்து விமானத்தின் முன்கதவுக்கு நேரே இட்டுச் செல்வதால், கேட்டில் அமைத்த ஒழுங்கு ஓரளவு கதவு வரை நீடிக்கும். பேருந்தில் ஏற்றிச் சென்றால் அந்த ஒழுங்கு பேருந்துக்குள்ளேயே கலைந்துவிடும். முதலில் பேருந்தில் ஏறியவர் உள்ளே தள்ளப்பட்டுக் கடைசியில் இறங்குவதும், கடைசியில் ஏறியவர் கதவோரம் நின்று முதலில் இறங்குவதும் வழக்கமாக நடப்பவை. ஆகவே கேபின் பையை மேலே வைக்க வேண்டிய கட்டாயமுள்ள பயணி, பேருந்து என்று தெரிந்தால், முதல் பேருந்திலேயே ஏறி, அதன் உட்பகுதிக்குச் செல்லாமல் கதவுக்கு அருகே நின்றுகொள்வது பயன் தரும். பேருந்திலிருந்து இறங்கும் இடத்தில் முன், பின் என இரு படிக்கட்டுகள் இருந்தால், ஏ320 வகையில் ஏறத்தாழ 15-ஆம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் பின்படிக்கட்டில் ஏற வேண்டும். பின்வரிசை இருக்கையை வைத்துக்கொண்டு முன்கதவில் ஏறுபவர் எதிர்வரும் கூட்டத்தை இருபது வரிசை நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போக நேரும்.

தூத்துக்குடி, சேலம் போன்ற சிறிய நிலையங்களுக்கும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பறக்கும் ஏடிஆர் வகைச் சுழல்விசிறி விமானங்களில் கதை வேறு. அவற்றில் பயணிகளுக்கான கதவு வாலுக்கு அருகே பின்புறத்தில் இருக்கிறது, சரக்கு அறை முன்னால் இருக்கிறது. வரிசைக்கு நான்கு இருக்கைகளே உள்ளதால் நடு இருக்கை என்பதே கிடையாது. சிறிய எண்ணுள்ள வரிசையைப் பெற்றவர் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானத்தின் முழு நீளத்தையும் நடக்க வேண்டியிருக்கும். மேற்பெட்டகங்கள் தாழ்ந்தும் குறுகியும் இருப்பதால், ஜெட் விமானத்தில் எளிதாக உள்ளே போகும் சக்கரப் பெட்டி இங்கே நுழையாமல் நிற்கலாம். அத்தகைய பயணத்துக்கு மடங்கக்கூடிய துணிப்பையே ஏற்றது.

அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பல பெரிய நிலையங்கள் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கைவிட்டுவிட்டன. சென்னை நிலையமும் 2022-இல் அந்த வழியை மேற்கொண்டது. திரையைப் பார்க்காதவருக்கு கேட் மாறியது தெரியாது. இண்டிகோ புறப்பாட்டு நேரத்துக்கு 25 நிமிடம் முன்னதாகவே கேட்டை மூடிவிடுவதாக விதி வைத்திருக்கிறது; போர்டிங் பாஸில் பெரிய எழுத்தில் இருக்கும் நேரம் விமானம் நகரும் நேரமா, கேட் மூடும் நேரமா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் தேநீர்க் கடையில் அமர்ந்துவிடக் கூடாது.

கேபின் பை விலைப்பொருளான வரலாறு

மேற்பெட்டகத்தில் இடப்பற்றாக்குறை ஏற்பட்டதற்கு நிறுவனங்களின் கட்டணக் கொள்கையே முதற்காரணம். 2008-இல் எரிபொருள் விலை உச்சத்தைத் தொட்டபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது. ஏனைய பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை விரைவில் அதைப் பின்பற்றின. கட்டணத்தைத் தவிர்க்க விரும்பிய பயணிகள் பெட்டியைக் கேபினுக்குள் இழுத்து வந்தனர். கேபின் நிரம்பியது, நிரம்பியதும் அந்த இடத்துக்கே விலை வைக்கும் எண்ணம் பிறந்தது. ஸ்பிரிட் நிறுவனம் 2010-இல் மேற்பெட்டகத்தில் வைக்கும் பைக்கும் கட்டணம் விதித்தது. ஐரோப்பாவில் ரயன்ஏர் 2018 நவம்பர் முதல் முன்னுரிமைக்குப் பணம் கட்டாதவர்களுக்கு இருக்கைக்கு அடியில் அடங்கும் சிறு பை ஒன்றை மட்டுமே இலவசமாக அனுமதித்தது. முன்னதாக ஏறும் உரிமையும் மேற்பெட்டகத்தில் இடம் பிடிக்கும் உரிமையும் ஒரே சீட்டில் சேர்த்து விற்கப்படுவது இதன் பிறகு வெளிப்படையாகிவிட்டது. செக்-இன் பெட்டியைப் பல ஆண்டுகள் இலவசமாக ஏற்றிவந்த சவுத்வெஸ்டும் 2025 மே மாத இறுதியில் பெரும்பாலான பயணிகளுக்கு அந்தச் சலுகையை முடித்துக்கொண்டது.

இதற்குச் சட்ட எதிர்ப்பும் உண்டு. வூலிங் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், செக்-இன் பெட்டிக்குத் தனிக்கட்டணம் வாங்கலாம் என்று கூறியது. அதே தீர்ப்பில், கையோடு எடுத்துச் செல்லும் பை பயணத்தின் இன்றியமையாத பகுதி என்பதால், எடையிலும் அளவிலும் நியாயமான வரம்புக்குள் இருந்து பாதுகாப்பு விதிகளுக்கும் உட்பட்டிருந்தால் அதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்றும் குறிப்பிட்டது. 'நியாயமான வரம்பு' எத்தனை சென்டிமீட்டர் என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் இத்தனை ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. ஸ்பெயினின் நுகர்வோர் விவகார அமைச்சகம் 2024 நவம்பரில் ஐந்து குறைந்த கட்டண நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை ஏற்காமல் நீதிமன்றம் சென்றன. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஓர் அளவைக் கொண்டுவர உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2015 ஜூனில் 55 × 35 × 20 செ.மீ. என்று முன்மொழிந்து, வட அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தது. பயணி ஒரே பையை வைத்துக்கொண்டு இரு நிறுவனங்களில் தொடர்பயணம் செய்யும்போது ஒன்றில் இலவசமாகவும் மற்றொன்றில் அபராதத்துடனும் பறக்க நேர்வதற்கு இந்தத் தோல்வியே காரணம்.

விமானத் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்குப் பெட்டகத்தைப் பெரிதாக்கினர். போயிங் 737-இல் முன்பு பைகளைப் படுக்க வைத்து நான்கு அடங்கிய பெட்டகத்தில், புதிய வடிவமைப்பில் அவற்றை நூலகத்துப் புத்தகங்களைப் போல நெட்டாக நிறுத்தி ஆறு வைக்க முடிகிறது. ஏர்பஸ் தன் ஏ320 குடும்பத்துக்கு ஐந்துக்குப் பதில் எட்டு அடங்கும் பெட்டகத்தைத் தருகிறது. மூடியின் உட்புறத்தில் பையை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்ற படம் ஒட்டியிருந்தால் அது இந்தப் புதிய வகை என்று அறியலாம். அங்கே ஒருவர் பழக்கத்தால் பையைப் படுக்க வைத்தால், இரண்டாவது பைக்குரிய இடம் பறிபோகிறது.

இந்திய விதியும் பை கட்டும் முறையும்

இந்தியாவில் கட்டுப்பாடு இரு இடங்களிலிருந்து வருகிறது. எண்ணிக்கையை வரையறுப்பது பிகாஸ் எனப்படும் சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு: உள்நாட்டுப் பயணத்தில் ஒருவருக்கு ஒரு கைப்பைதான், பெண்களின் கைப்பை, மடிக்கணினிப் பை, குடை, ஊன்றுகோல், குழந்தைக்கான உணவு போன்ற சில மட்டும் விலக்கு. எடையையும் அளவையும் வரையறுப்பது நிறுவனம்: சாதாரண வகுப்பில் பொதுவாக 7 கிலோ, நீள அகல உயரங்களைக் கூட்டினால் 115 செ.மீ., அதாவது 55 × 35 × 25 என்ற அளவு. கடையில் 'கேபின் அளவு' என்ற சீட்டு ஒட்டி விற்கப்படும் பெட்டியை நம்பி வாங்குவது சரியன்று. அந்த அளவு சில சமயம் சக்கரத்தையும் கைப்பிடியின் முனையையும் விட்டுவிட்டு எடுத்ததாக இருக்கும், கேட்டில் இருக்கும் அளவுச் சட்டமோ சக்கரத்தையும் சேர்த்தே அளக்கும். கெட்டி ஓடு கொண்ட சக்கரப் பெட்டி வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ எடையுள்ளதாக இருக்கலாம். ஏழு கிலோ வரம்பில் அதை வாங்குபவர் தம் உரிமையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்கரத்துக்கும் ஓட்டுக்கும் கொடுத்துவிடுகிறார். எடைபோடும் வழக்கமுள்ள நிறுவனத்தில் பயணம் செய்பவருக்குத் தோளில் மாட்டும் துணிப்பையே இலாபம்.

திரவ வரம்புக்கு 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்ட வெடிகுண்டுச் சதி காரணமாயிற்று. பன்னாட்டுப் பயணத்தில் ஒவ்வொரு புட்டியும் 100 மி.லி.க்கு மிகாமல், அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவிதி. புட்டியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைப் பாராமல் புட்டியின் கொள்ளளவையே பாதுகாப்பு ஊழியர் கணக்கிடுவார். ஊறுகாய், நெய், தொக்கு ஆகியவை திரவமா என்று அவரோடு வாதிடுவதில் பயனில்லை. அவை செக்-இன் பெட்டிக்கு உரியவை. தேங்காய் தனிக்கவனம் வேண்டும் பொருள். கொப்பரையில் எண்ணெய் மிகுந்திருப்பதால் அது தீப்பற்றும் பொருள்களில் சேர்க்கப்பட்டுத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. முழுத்தேங்காய்க்கும் கேபினில் இடமில்லை. சபரிமலைக்குச் செல்வோரின் இருமுடியில் நெய்த்தேங்காய் இருப்பதால், 2024 அக்டோபரில் பிகாஸ் தனிச்சலுகை வழங்கி, உரிய சோதனைகளுக்கு உட்பட்டு 2025 ஜனவரி 20 வரை அதைக் கேபினில் கொண்டுசெல்ல அனுமதித்தது. இத்தகைய சலுகை காலவரம்பு உடையது என்பதால் மாலை போட்டவர்கள் அந்தந்தப் பருவத்துக்கான அறிவிப்பைக் கேட்டறிந்தே கிளம்ப வேண்டும்.

பவர் பேங்குக்கு விதி எதிர்த்திசையில் செல்கிறது: அது கேபினில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் இருக்கவே கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் கேபினில் ஊழியர் பார்த்து அணைக்க முடியும். சரக்கு அறையில் முடியாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் இடமில்லை. சாதனத்தின் மீது மில்லி ஆம்பியர்-மணி மட்டும் எழுதியிருந்தால், அந்த எண்ணை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20,000 என்று எழுதியிருப்பது 74 வாட்-மணி ஆகும், 27,000 என்பது வரம்பை ஏறக்குறையத் தொட்டுவிடும். தென்கொரியாவின் புசான் நகரில் 2025 ஜனவரி 28 அன்று ஏர் புசான் விமானம் புறப்படக் காத்திருந்தபோது பின்பகுதி மேற்பெட்டகத்தில் தீப்பிடித்து விமானம் எரிந்தது. அனைவரும் வெளியேறிவிட்டனர், பவர் பேங்கே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அதன் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும் எமிரேட்ஸ் அக்டோபர் முதலும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தன. எமிரேட்ஸில் அதை மேற்பெட்டகத்திலும் வைக்கக் கூடாது; இருக்கைப் பையிலோ முன்னிருக்கைக்கு அடியிலோ கண்பார்வையில் வைக்க வேண்டும்.

கேட்டில் பை பறிபோகும்போது

மேற்பெட்டகங்கள் நிரம்பிவிட்டன என்று தெரிந்ததும், கடைசிக் குழுக்களில் வருபவர்களின் பைகளை ஊழியர்கள் கேட்டிலேயே சீட்டு ஒட்டி வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்புவர். இடப்பற்றாக்குறையால் வாங்கும்போது பெரும்பாலும் கட்டணம் இல்லை. அளவு மீறியதற்காக வாங்கினால் கட்டணம் உண்டு, அது முன்கூட்டியே செலுத்துவதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். எவ்வாறாயினும், பையைக் கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், மடிக்கணினி, மருந்து, கடவுச்சீட்டு, நகை, வீட்டுச் சாவி ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். அந்தப் பரபரப்பில் பையைத் தரையில் கொட்டித் தேடுவதைத் தவிர்க்க, இவை அனைத்தையும் தொடக்கத்திலேயே ஒரு சிறு உறையில் போட்டுப் பையின் மேற்புறத்தில் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு; பின்னால் இருக்கும் நூறு பேருடைய நேரமும் அதனால் மிஞ்சும்.

சீட்டு ஒட்டிய கணத்திலிருந்து பையின் சட்டநிலையும் மாறுகிறது. பன்னாட்டுப் பயணத்துக்குப் பொருந்தும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, ஒப்படைத்த பெட்டி தொலைந்தாலோ சிதைந்தாலோ நிறுவனம் தன் தவறு நிரூபிக்கப்படாமலேயே பொறுப்பேற்க வேண்டும். பயணியின் கையிலிருக்கும் பைக்கோ நிறுவனத்தின் அல்லது அதன் ஊழியரின் தவறு இருந்தால்தான் பொறுப்பு. பொறுப்பின் உச்சவரம்பு, பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரில், 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 ஆக உயர்ந்துள்ளது. கேட்டில் கொடுக்கும் சிறுசீட்டைத் தூக்கி எறியாமல் படமெடுத்து வைத்துக்கொள்வதன் தேவை இங்கே விளங்கும்.

உள்ளே நுழைந்த பின்

தம் வரிசைக்கு நேர்மேலே உள்ள பெட்டகத்திலோ, அதற்கு முன்னால் உள்ளதிலோ பையை வைக்க வேண்டும். சிறு பையும் மேலாடையும் முன்னிருக்கைக்கு அடியிலோ மடியிலோ இருக்கலாம், மேலே ஏற்றிப் பிறர் பைக்கான இடத்தை அடைக்கத் தேவையில்லை. அவசரக்கால வாயிலை ஒட்டிய வரிசையிலும், தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையிலும் தரையில் எதுவும் வைக்க அனுமதியில்லை. கூடுதல் கால் இடத்துக்காக அவ்வரிசைகளைப் பணம் கொடுத்து வாங்குபவர்கள், சிறு பைக்கும் மேலே இடம் தேட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

விமானத்தை அவசரமாகக் காலிசெய்யும்போது கேபின் பையைத் தொடவே கூடாது. வாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டிய பிறகே ஒரு விமான வகைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அந்தச் சோதனையில் யாரும் பெட்டகத்தைத் திறந்து பை எடுப்பதில்லை. டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் 2024 ஜனவரி 2 அன்று மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறியதில், அவர்கள் பைகளை விட்டுவிட்டு இறங்கியதற்குப் பெரும்பங்கு உண்டு. மருந்தும் கடவுச்சீட்டும் சட்டைப்பையிலோ இடுப்புப்பையிலோ இருந்தால் அந்த நேரத்தில் மேலே பார்க்கும் தூண்டுதல் குறையும்.

வழக்கமான இறங்குதலில் ஏறுதலைவிடக் குறைந்த நேரமே ஆகிறது, அதற்கு யாரும் குழு எண் தருவதும் இல்லை. இண்டிகோ 2022 ஆகஸ்டில் முன்புறம் இரண்டும் பின்புறம் ஒன்றுமாக மூன்று சாய்தளங்களை அமைத்து இறக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, அதுவரை 13, 14 நிமிடம் எடுத்துக்கொண்ட வேலை 7, 8 நிமிடத்தில் முடியும் என்று அறிவித்தது. தம் வரிசைக்குப் பின்னால் பையை வைத்துவிட்ட பயணிக்கு மட்டும் இந்த வேகம் உதவாது; எதிர்த்திசையில் நடந்து அதை எடுக்க வழியில்லாததால், பின்வரிசைகள் முழுவதும் காலியாகும் வரை அவர் இருக்கையிலேயே இருக்க வேண்டும். தொடர்விமானத்தைப் பிடிக்க வேண்டியவர், முன்பக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால், பையைப் பின்னால் அனுப்புவதைவிட முன்னிருக்கைக்கு அடியில் திணித்துக் கால்களைச் சுருக்கிக்கொள்வதே மேல்.